உணவு முத்திரை புகட்டிய பாடம்

உணவு மானியத்தைத் தொடர்வதா, குறைப்பதா என்ற விவாதம் நமது நாட்டுக்குப் புதியதன்று. 1953 ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஹர்த்தால், அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பதவி விலகலுக்கே வழிகோலியது. ஆனால் மானியம் உண்மையில் யாரைச் சென்றடைகின்றது என்ற வினா இத்தகைய விவாதங்களின்போது பெரும்பாலும் பின்தள்ளப்பட்டு விடுகின்றது. அவ்வினாவையே தமது வாழ்நாள் பணியாக வரித்துக்கொண்டவர்களுள் டென்மார்க்கைச் சேர்ந்த விவசாயப் பொருளியலாளர் பேர் பின்ஸ்ட்ரப் அன்டர்சன் முக்கியமானவர்.

1939 இல் பிறந்த இவர், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1969 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பசுமைப் புரட்சியின் வெற்றி எங்கும் பேசப்பட்ட காலம் அது. விளைச்சல் பெருகினால் பசி தானாகவே நீங்கும் என்ற நம்பிக்கை பரவலாக நிலவியது. கொலம்பியாவில் பணியாற்றிய இவரும் சகாக்களும் 1976 இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையைச் சோதித்தது. காலி என்ற அந்நாட்டு நகரின் குடும்பங்களை வருமான வாரியாகப் பிரித்து, எந்த உணவுப் பொருளின் உற்பத்தி அதிகரித்தால் போஷாக்குக் குறைந்த குடும்பங்களுக்குப் பயன் கிட்டும் என அவர்கள் கணித்தனர். மொத்த உற்பத்திக் கணக்கு ஏழையின் அடுப்பைப் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பதே அதன் சாரம்.

1980 களில் வொஷிங்டனிலுள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவகத்தில் உணவு நுகர்வு, போஷாக்கு ஆகியவை தொடர்பான ஆய்வுகளுக்கு இவர் தலைமை தாங்கினார். அந்நிறுவகம் ஆராய்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நெவில் எதிரிசிங்க மேற்கொண்ட அவ்வாய்வு 1987 இல் வெளியானது. 1988 இல் பின்ஸ்ட்ரப் அன்டர்சன் தொகுத்த உணவு மானியங்கள் பற்றிய நூலிலும் இலங்கையின் அனுபவம் இடம்பெற்றது.

அந்த அனுபவம் நாம் மறக்கக்கூடாத ஒன்றாகும். 1942 இல் யுத்த காலத்தில் தொடங்கிய கூப்பன் முறை, 1979 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கத்தினால் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. வறியோருக்கு மட்டுமே உதவி என்ற நோக்கம் நியாயமானதாகவே தோன்றியது. அரசின் செலவும் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக நிறுத்தப்பட்டது, விலைகளோ நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே முத்திரையின் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. தகுதியற்ற பலர் பட்டியலில் இருக்க, தகுதியுடைய சிலர் வெளியே நின்றனர். மிக வறிய பிரிவினர் உட்கொண்ட கலோரியின் அளவு வீழ்ந்தது. எவரும் ஹர்த்தால் செய்யவில்லை. 1953 இல் ஒரே நாளில் தெரிந்த வெட்டு, இம்முறை பணவீக்கத்தின் கையால் ஓசையின்றி நிகழ்ந்தது.

1992 முதல் 2002 வரை அந்நிறுவகத்தின் பணிப்பாளர் நாயகமாக பின்ஸ்ட்ரப் அன்டர்சன் கடமையாற்றினார். பங்களாதேஷில் கிராமிய ரேஷன் தானியம் ஏழைகளைச் சேருமுன்பே கசிந்து போவது கண்டறியப்பட்டு, 1992 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அங்கு உதவியே கைவிடப்படவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1993 இல் "கல்விக்கு உணவு" திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பும் வறிய குடும்பத்துக்கு மாதந்தோறும் 15 கிலோ கோதுமை, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளாயின் 20 கிலோ வழங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கு வித்திட்ட ஆய்வுப் பணிக்காகவே 2001 இல் உலக உணவுப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. கல்விக்கு உணவுத் திட்டமும் குறைகளற்றதல்ல; 2002 இல் அது பணக் கொடுப்பனவாக மாற்றப்பட்டது. எனினும் கசிவைக் காரணம் காட்டி ஏழையைக் கைவிடலாகாது என்பதை அது உணர்த்தியது.

இவை நமக்குப் பழங்கதையல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்நெருக்கடியின் பின் 2023 இல் தொடங்கப்பட்ட அஸ்வெசும, 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு தரங்களில் மாதக் கொடுப்பனவை நிர்ணயித்தது. பயனாளிகள் தெரிவு தொடர்பில் பெருந்தொகையான மேன்முறையீடுகள் குவிந்ததை நாம் அறிவோம். தொகை பின்னர் உயர்த்தப்பட்டதும் உண்மையே. ஆயினும் அவ்வப்போது அரசு மனமிரங்கி உயர்த்துவது வேறு, விலை உயரும்போது தொகையும் தானாகவே உயருமென்று விதி செய்வது வேறு. 1979 இல் விடப்பட்ட தவறு இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது.

விலை ஏறும்போது அம்பாறையில் நெல் விளைவிக்கும் விவசாயிக்குச் சிறிதேனும் ஆறுதல் கிட்டக்கூடும். நுவரெலியாவின் தோட்டத் தொழிலாளிக்கோ கரையோர மீனவனுக்கோ அந்த ஆறுதலும் இல்லை. அரிசியையும் மாவையும் அவர்கள் காசு கொடுத்தே வாங்குகின்றனர். எனவே கொடுப்பனவை உணவு விலையுடன் பிணைப்பதும், பட்டியலின் கதவைப் புதிதாக வறுமையுற்றோருக்குத் திறந்து வைப்பதும், பிரதேசவாரியாகப் போஷாக்கை அளந்து பகிரங்கப்படுத்துவதும் அவசியமாகும். இந்த நாட்டிலேயே திரட்டப்பட்டு உலகுக்குப் பாடமான உண்மையை, நமது ஆட்சியாளர்கள் மீண்டும் ஒருமுறை ஏழைகளின் வயிற்றில் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை.