செம்மண் தடத்தில் இரண்டு சக்கரம்

சாந்த்ராகாச்சி நிலையத்தில் அதிகாலையில் இறங்கும் தமிழர்களுக்கு இரண்டு கவலைகள். ஹௌராவுக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு டாக்ஸிக்காரர் கேட்கும் தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் சில ரயில்கள் ஹௌராவை எட்டிப் பார்க்காமல் இங்கேயே நின்றுவிடுவதால், நம்மவர்களில் பலருக்குக் கொல்கத்தாவின் வாசற்படி இந்த ஊர்தான். நிலையத்தை ஒட்டிய ஏரியில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

நான் எதிர்த்திசையில் போகிறவன். ஒரு ஜனவரி விடியலில் மேற்கே போகும் ரயிலுக்காக இங்கே காத்திருந்தேன். உடன் ஒரு நண்பர், இரண்டு சைக்கிள்கள். நண்பர் கரக்பூரில் பிறந்த தமிழர். தாத்தா பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்தில் ஒர்க்ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். "சைக்கிளை பிரேக் வேனில் போடலாமா சார்?" என்று கேட்டார். கூடாது என்றேன். முன்பு ஒருமுறை அப்படிப் பதிவு செய்து அனுப்பிய என் சைக்கிள் மூன்று நாள் கழித்து, ஃபோர்க் வளைந்து வந்து சேர்ந்தது. எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து சக்கரங்களைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, கைச்சுமையாகவே கொண்டுபோகிறேன்.

நாங்கள் கொண்டுபோனது இப்போது 'கிராவல் பைக்' என்று கடைகளில் விற்கப்படும் ரகம். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் அகலம், கியர் இறக்கம், பிரேக் டிஸ்க். கப்பி ரோடு, சரளை, காட்டுத்தடம் எதிலும் போகும். டயரில் 35, 40 பவுண்டு காற்றுதான் அடைக்க வேண்டும். கல் பட்டால் டயர் அமுங்கிக் கொடுக்கிறது, உங்கள் முதுகு தப்பிக்கிறது. அமெரிக்காவில் கேன்ஸஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ல் சிலர் 200 மைல் சரளைச் சாலைப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது உலகம் முழுக்கப் பரவி, 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப் வரை வந்துவிட்டது. விலை? பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த டயரின் அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பால்காரர் கேனைக் கட்டி ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28-க்கு ஒன்றரை அங்குல டயரும் அதே அகலம்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும், ஆசன்சோலில் சென்-ராலேயும் ஐம்பதுகளில் செய்து தள்ளிய வண்டிகள், தார் பார்க்காத சாலைகளுக்காகவே அமைந்தவை. நாம் கிழம் என்று ஒதுக்கியதை மேல்நாட்டார் கியர் வைத்து, பெயர் வைத்து, திருப்பி விற்கிறார்கள்.

ஜார்கிராமில் இறங்கிச் சக்கரங்களைப் பூட்டினோம். ஊர் எல்லை தாண்டியதும் சால மரக்காடு. தரை செம்புறாங்கல் கரைந்த சிவப்பு. ஒரு மணி நேரத்தில் சட்டை, செயின், மீசை எல்லாம் அதே நிறம். சில்கிகரில் டுலுங் நதி குறுக்கிடுகிறது. குளிர்காலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். சைக்கிளைத் தோளில் போட்டுக் கடந்து, கனகதுர்கா கோயில் காட்டின் நிழலில் உட்கார்ந்து பொரி தின்றோம். டுலுங் சுவர்ணரேகாவில் சேர்கிறது. மாலையில் பேல்பஹாரி பக்கம் நாங்கள் பார்த்த தாராஃபேனியோ கங்சாபதியைச் சேர்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டை எந்தப் பலகையும் காட்டவில்லை. தொடைதான் காட்டிக் கொடுத்தது.

இந்தக் காட்டைப் பழைமையான வனம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் பாதைக் கட்டைகளுக்கும் விறகுக்கும் வெட்டி, இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் மொட்டையடிக்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில், இதே மேதினிப்பூர் வட்டாரத்தின் ஆராபாரியில், ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி பதினோரு கிராமத்தாரிடம் ஓர் ஒப்பந்தம் செய்தார். நீங்கள் காவல் காருங்கள், வருமானத்தில் கால் பங்கு உங்களுக்கு. வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து சால மரம் மறுபடி துளிர்த்தது. நாட்டின் கூட்டு வன நிர்வாகத் திட்டத்துக்கு வித்து அதுதான். நாம் நிழலுக்கு ஒதுங்கும் மரம் யாரோ ஒருவர் வெட்டாமல் விட்ட மரம்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 2008-லிருந்து 2011 வரை இந்தப் பாதைகளில் யாரும் உல்லாசமாகச் சைக்கிள் விடவில்லை. மாவோயிஸ்டுகளும் போலீஸும் மோதிக்கொண்ட பூமி இது. 2010 மே மாதம் ஞானேஸ்வரி எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு ஏறத்தாழ 150 பேர் இறந்ததும் ஜார்கிராமுக்கு அருகில்தான்.

இப்போது அதே பாதையில் காலை ஒன்பது மணிக்குச் சீருடை அணிந்த பெண்கள் வரிசையாக சைக்கிளில் போகிறார்கள். 2015-ல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் மாநில அரசு கொடுத்த சைக்கிள்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்களை அறிவொளி இயக்கம் சைக்கிளில் ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்த என்னை, கியர் இல்லாத வண்டியில் ஒரு பெண் கடந்து போனாள். திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

காங்க்ராஜோர் போகும் வழியில் தார் போட்டிருந்தார்கள். கறுப்பாக, வழவழவென்று. நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "போச்சு சார், அழகே போச்சு. இன்னும் நாலு வருஷத்துல கப்பி ரோடே இருக்காது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்தில் ஒரு முதியவர் சால இலைக் கட்டுகளை கேரியரில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வந்து நின்றார். ரோடு எப்படி என்று கேட்டோம். அவர் பதிலுக்கு யோசிக்கவே இல்லை. முன்பெல்லாம் மழைக்காலத்தில் பிரசவ வலி வந்தால் கட்டிலில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கிப் போவோம், இப்போது வண்டி வாசலுக்கே வருகிறது என்றார்.

அதற்குப் பிறகு நண்பர் பேசவில்லை. நானும்தான். எங்கள் இரண்டு நாள் உல்லாசத்துக்காக இன்னொருவர் ஊர் சேற்றில் கிடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது எவ்வளவு அற்பம்! நாம் கேட்க வேண்டியது வேறு. தார் போடட்டும். போடும்போது ஓரத்தில் ஒரு முழம், அந்த முதியவரின் கேரியருக்கும் அந்தப் பெண்ணின் பெடலுக்கும் விட்டுவைக்கட்டும். கிராமத்து ரோடு நன்றாக ஆனவுடன் முதலில் வேகமெடுப்பது லாரி. முதலில் ஓரங்கட்டப்படுவது சைக்கிள்.

போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நெல் விளையும் பருவத்தில் தல்மா மலையிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்குகின்றன. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவில் திரும்பும்வரை நீங்கள் வருவது யானைக்குத் தெரியாது, யானை நிற்பது உங்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு கிராமத்திலும் நிறுத்தி விசாரியுங்கள். மாலை நான்கு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு ட்யூப், ஒரு பம்ப், மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

மறுநாள் எல்லை தாண்டிக் காட்சிலா சேர்ந்தோம். விபூதிபூஷண் பந்தோபாத்யாய கடைசி நாட்களைக் கழித்து, 1950-ல் கண்ணை மூடிய ஊர். சுவர்ணரேகா நதிக்கரைப் பாறைகளில் கால் நனைத்துவிட்டு ரயில் ஏறினோம்.

இரவு சாந்த்ராகாச்சி. அக்கரையில் கொல்கத்தா. வித்யாசாகர் சேதுவில் சைக்கிளுக்கு இடம் கிடையாது. படகில்தான் ஏற்ற வேண்டும், அதுவும் காலையில். 1926 டிசம்பரில் கல்கத்தா டவுன் ஹாலிலிருந்து பிமல் முகர்ஜி மூன்று நண்பர்களோடு சைக்கிளில் புறப்பட்டார். உலகைச் சுற்றி 1937-ல் ஊர் திரும்பினார். அதே நகரம் 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக்குப் பின் எண்ணிக்கை குறைந்தது. 2020-ல் தொற்று பரவி பஸ்கள் நின்றபோது, அதே சைக்கிளை அரசே 'ஓட்டுங்கள்' என்றது.

நதியை, காட்டை, மலையை, யானையைக் கடந்து வந்தாயிற்று. கடைசி ஏழு கிலோமீட்டர்தான் பாக்கி. ஓய்வறை பெஞ்சில் சைக்கிளுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, விடியலுக்காகக் காத்திருந்தோம். ஏரியில் வாத்துகள் விசிலடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அக்கரை போக யாரும் தடை போடவில்லை.