இறகு கட்டிய கை

வல்வில் ஓரியின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் அரியர். கொல்லிமலையை ஆண்ட அவ்வள்ளல் விடுத்த ஒரே அம்பு, யானையை வீழ்த்திப் புலியைத் துளைத்து, மானை உருட்டிக் காட்டுப்பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் கொல்லிமலையில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. வில்லுக்குப் புகழ் உண்டு. வில்லாளிக்குச் சிலை உண்டு. அந்த அம்பின் வாலில் இறகு கட்டியவர் யார் என்று மட்டும் நாம் கேட்டதில்லை. அந்தக் கைத்திறன் கல்வியாக மதிக்கப்பட வேண்டும் என்பதும், கொல்லிக்கு அண்டையிலுள்ள சேர்வராயன் மலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கலாம் என்பதும் என் கருத்து.

இறகின் பணி அழகு சேர்ப்பதன்று. வெறுந்தண்டாக எய்த அம்பு சிறிது தொலைவிலேயே தடுமாறிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். வாலில் இறகு இருந்தால் காற்று அதைப் பின்னிருந்து பிடித்திழுக்கும். வால் எப்பக்கம் விலகினாலும் இறகில் காற்று மோதி அதை நேர்வழிக்குத் தள்ளும். சுக்கானை உவமை சொல்வர் சிலர். பட்டத்தின் வால் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அதைக் கட்டும் முறையோ பொறுமையைச் சோதிப்பது. பறவையின் சிறகிலுள்ள நீண்ட இறகுகளே இதற்கு உதவும். உடலின் மென்தூவி உதவாது. ஓர் அம்புக்கு மூன்று இறகுகள் என்றால் மூன்றும் ஒரே பக்கச் சிறகினவாக இருத்தல் வேண்டும். இடச்சிறகின் இறகு ஒருபுறம் வளையும். வலச்சிறகின் இறகு மறுபுறம் வளையும். இரண்டையும் கலந்தால் ஒன்று அம்பைச் சுழற்ற, மற்றொன்று தடுக்கும். இறகின் நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, அடிப்புறத்தைத் தாள்போல் சீவி, சம இடைவெளியில் அம்பின்மீது பொருத்த வேண்டும். நாண் பொருந்தும் குதைக்குக் குறுக்காக ஓர் இறகு வெளிநோக்கி நின்றால், மற்ற இரண்டும் வில்லைப் பெரிதும் உரசாமல் கடக்கும்.

பின்னர் வருவது நூல். முன்முனையில் அதை நெருக்கமாகச் சுற்றித் தொடங்க வேண்டும். அம்பு விடுபடும்போது அந்த முனைதான் வில்லைப் பிடித்த கையை முதலில் தொட்டுச் செல்கிறது. அங்கே சுற்று தளர்ந்து தண்டின் நுனி துருத்தியிருந்தால் விரலைக் கிழித்துவிடும். அதன்பின் இறகின் இழைகளை ஊசிமுனையால் விலக்கி, அந்த இடைவெளியில் நூலைச் செலுத்தி, சுருளாகக் குதையை நோக்கிச் செல்ல வேண்டும். விலக்காமல் மேலோட்டமாகச் சுற்றினால் இழைகள் படிந்து இறகு பயனற்றுப்போகும். மிக இறுக்கினால் இறகு சாயும். தளர்த்தினால் சில எய்தல்களிலேயே கழன்றுவிடும். இறுதியில் புடைப்பான முடிச்சு ஆகாது. நூலின் முனையைச் சுற்றுகளுக்கு அடியிலேயே செருகி இழுத்து, மேலே தேன்மெழுகு பூசிவிட வேண்டும். இத்தனையையும் பிழையின்றிச் செய்யும் மாணவரைக் கைவேலை தெரிந்த பிள்ளை என்கிறோம். இயற்பியல் தெரிந்த பிள்ளை என்று சொல்வதில்லை.

இது நேற்று தோன்றிய நுட்பமும் அன்று. இத்தாலி, ஆஸ்திரியா எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் பனிமலையில் 1991ஆம் ஆண்டு ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. அவருடைய தூணியிலிருந்த 14 அம்புகளில் இரண்டே முற்றுப்பெற்றிருந்தன. அவ்விரண்டிலும் இறகுகள் மரக்கீலால் ஒட்டப்பட்டு, மெல்லிய நூலால் சுருளாகச் சுற்றப்பட்டிருந்தன. இலண்டனில் 1371ஆம் ஆண்டிலேயே அம்பு செய்வோர் வில் செய்வோரிடமிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அத்தொழில் ஒரு குடும்பப்பெயராகவும் அங்கே நிலைத்துவிட்டது.

ஏற்காட்டு மஞ்சக்குட்டைக்கு வருவோம். காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றுவது இம்மலையில் வழக்கம். கொடியின் தண்டு நசுங்காமலும் காற்றில் நழுவாமலும் கட்டத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இறகு கட்டும் நூலின் இறுக்கத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூங்கில் வில்லும் மர அம்பும் கொண்டு ஆடும் ‘இந்தியன் ரவுண்ட்’ என்னும் வில்வித்தைப் பிரிவு நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றுள்ளது. அதற்குரிய அம்புகளை மாணவரே செய்து, அவர்களே எய்தால் என்ன?

உலகப் போட்டிகளில் கார்பன் அம்பும் நெகிழி வாலும் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்பர். அம்பைத் தாங்கும் துணைக்கருவி இல்லாத மூங்கில் வில்லில் நெகிழி வால் வில்லில் மோதி அம்பின் திசையை மாற்றிவிடும். இறகோ மடங்கி வழிவிட்டு உடனே நிமிர்ந்துகொள்ளும். இராசத்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லில் தொடங்கியவரே. 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவர் இந்தியாவுக்காக வில்லேந்தினார்.

வேட்டையைத் தூண்டாதா என்னும் அச்சமும் எழலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. நமக்கு வேண்டிய இலக்கு வைக்கோல் பொதி. வேண்டிய இறகு வீட்டு வான்கோழியும் வாத்தும் உதிர்ப்பது.

மலைப்பிள்ளைக்கு அம்பு, நகரப்பிள்ளைக்குக் கணினி என்று பிரிப்பதாகாதா என்பது எல்லாவற்றினும் வலிய வினா. அவ்வாறு பிரித்தால் நானும் எதிர்ப்பேன். மஞ்சக்குட்டையில் கணினியும் இருக்கட்டும். சேலத்து மாணவரும் இறகு கட்டட்டும். இரு பள்ளிகளிலும் இயற்பியல் செய்முறை வகுப்பில் இறகில்லாத அம்பு ஒன்று, இருபக்கச் சிறகுகளையும் கலந்து கட்டியது ஒன்று, முறையாகக் கட்டியது ஒன்று என மூன்றை எய்து, அவை இலக்கிலிருந்து விலகிய தொலைவை அளந்து குறிக்கட்டும். அந்த அளவுக்கும் மதிப்பெண் வேண்டும். நூலைச் சுற்றிய நேர்த்திக்கும் மதிப்பெண் வேண்டும்.