டிராக்டர் சக்கரத்துக்கு ‘ஸ்பேசர்’ தகடு தேவையா?

சிவகாசி வட்டத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவருக்கு நான்கு ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம். சென்ற பருவத்தில் 60 செ.மீ. வரிசையில் மக்காச்சோளம் போட்டிருந்தார். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. பட்டாசு ஆலை, தீப்பெட்டி, அச்சகம் என்று ஆட்கள் போய்விடும் பகுதி அது. வேறு வழியில்லாமல் சொந்த டிராக்டரில் கொத்துக் கலப்பையை மாட்டி வரிசைக்கிடையே ஓட்டியிருக்கிறார். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை சக்கரத்தில் படுத்துவிட்டது.

அவருடைய மகன் தன் காருக்கு ‘ஸ்பேசர்’ மாட்டி, சக்கரங்களை வெளியே தள்ளி வைத்திருக்கிறார். அதேபோல டிராக்டருக்கும் பக்கத்துக்கு 2 அங்குலத் தகடு லேத் பட்டறையில் கடைந்து போட்டால், வரும் புரட்டாசி விதைப்பில் பயிர் தப்புமா என்பது வாசகரின் கேள்வி. பின் டயர் ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 132 செ.மீ. இருப்பதாகவும் டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு அளவு இருப்பதால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

தகடு போட்டால் சேதம் கூடும். அவருடைய டிராக்டருக்கு வேண்டியது அகலம் அல்ல, 4 அங்குலக் குறுக்கம்.

கணக்கை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் விளங்கிவிடும். டிராக்டரின் நடுக்கோடு இரண்டு வரிசைகளுக்கு நடுவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 30 செ.மீ.யில் முதல் வரிசை, 90 செ.மீ.யில் அடுத்த வரிசை. இவ்விரண்டுக்கும் நடு 60 செ.மீ. சக்கரம் அங்கேதான் உருள வேண்டும். வாசகரின் டிராக்டரில் 132-இல் பாதி, அதாவது 66 செ.மீ.யில் சக்கரம் உருள்கிறது. பின் டயரின் அகலம் சுமார் 35 செ.மீ. என்றால் அதன் வெளி விளிம்பு 83 செ.மீ.க்கு வந்துவிடும். 90-இல் நிற்கும் பயிருக்கு 7 செ.மீ.தான் மிச்சம். ஸ்டியரிங் கொஞ்சம் ஆடினால் போதும், பயிர் சக்கரத்துக்குள் போய்விடும். திரும்பி வரும்போது அதே வரிசையை மறுபக்கமிருந்தும் டயர் நெருக்கும். மூன்றில் ஒரு வரிசை போனதற்குக் காரணம் இதுதான். பக்கத்துக்கு 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. தகடு வைத்தால் டயர் விளிம்பு 88-க்குப் போகும். பிறகு தண்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடம்கூட இருக்காது.

சக்கர இடைவெளியை 48 அங்குலத்துக்கு, அதாவது 122 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் டயர் 44-இலிருந்து 78 செ.மீ. வரை உருளும். இருபுறமும் 12 செ.மீ.க்குக் குறையாமல் இடம் கிடைக்கும்.

இதற்குத் தகடு எதுவும் வாங்க வேண்டியதில்லை. வழி டிராக்டரிலேயே இருக்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான சாம்பல் நிற பெர்குசன் டிராக்டரிலேயே சக்கரங்களை 4 அங்குலப் படிகளாக விலக்கவும் குறுக்கவும் முடிந்தது. இன்று நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களிலும் இந்த வசதி உண்டு. பின் சக்கரத்தில் ரிம் தனி, நடுவிலுள்ள குழிந்த டிஸ்க் தனி. ரிம்மில் உள்ள காதுகளில் டிஸ்க்கை உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ மாட்டலாம். டிஸ்க்கையே திருப்பிப் போட்டால் குழிவு வெளியே போகும் அல்லது உள்ளே வரும். இப்படி மாற்றி மாற்றிப் பொருத்தும்போது ஒவ்வொரு அகலம் கிடைக்கிறது. எந்த அகலத்துக்கு எந்தப் பொருத்தம் என்பது டிராக்டருடன் கொடுத்த கையேட்டில் படமாகவே இருக்கும். அந்தக் கையேடு பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதை ஒருமுறை இறக்கிப் பார்ப்பது நல்லது.

முன் அச்சு, குழாய்க்குள் குழாய் நுழைந்தது போன்ற அமைப்பு. போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைத் துளை நகர்த்தி மாட்ட வேண்டும். அதற்கேற்ப ஸ்டியரிங் கம்பியின் நீளத்தையும் மாற்ற வேண்டும். இதை மறந்தால் முன் டயர் ஒரே பருவத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

வேலையைச் சமதளமான, கெட்டியான தரையில்தான் செய்ய வேண்டும். காட்டுக்குள் நிறுத்திச் செய்யக்கூடாது. என்ஜினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் அச்சை ஒரு பக்கமாகத் தூக்கியதும் அடியில் மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே கை நீட்டக்கூடாது. டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் அந்தத் தண்ணீரே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தச் சக்கரம் சாய்ந்தால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. ஆகவே பழகிய மெக்கானிக் உடன் இருக்க வேண்டும்.

ரிம்மைத் திருப்பிப் போட்டால் டயரின் திசையும் திரும்பிவிடும். அப்போது இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்ற வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் டயர் பட்டைகள் சேரும் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் ஈரக் கரிசலில் பிடிப்பு இருக்காது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் இறுக்க வேண்டும். மறுநாள் காலை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும்.

மற்றப் பயிர்களுக்கும் கணக்கு இதேதான். 75 செ.மீ. வரிசைப் பருத்தியில் இரண்டு வரிசை 150 செ.மீ.; 60 அங்குலப் பொருத்தம் சரியாக வரும். 90 செ.மீ. வரிசைக்கு 72 அங்குலம். 45 செ.மீ. வரிசையில் உளுந்து போட்டவர்கள் இந்த டயரோடு உள்ளே இறங்கவே வேண்டாம். டயருக்கு இருபுறமும் 5 செ.மீ.தான் மிஞ்சும். அங்கே கைக்களைக் கருவியோ சிறிய பவர் வீடரோதான் ஏற்றது. சக்கரத்தை எவ்வளவு சரியாக வைத்தாலும், விதைப்புக் கருவியின் இடைவெளி சீராக இல்லாவிட்டால் பயன் இல்லை. விதைப்பதற்கு முன்பே இரண்டையும் ஒரே டேப்பில் அளந்து ஒத்துப்பார்க்க வேண்டும். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் கலப்பை வேலை முடிந்துவிட வேண்டும். டிராக்டர் திரும்புவதற்குத் தலைமாட்டில் 5, 6 மீட்டர் விட்டுவைத்தால் அங்கேயும் பயிர் மிதிபடாது.

குறுக்கிய டிராக்டரில் ஒரு அபாயம் உண்டு. சக்கர இடைவெளி குறையக் குறைய வண்டி பக்கவாட்டில் சாய்வது சுலபமாகிறது. 4 அங்குலக் குறைவு சமவெளியில் தெரியாது. கண்மாய்க் கரை, ஓடைச் சரிவு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்று ஓரம் ஆகிய இடங்களில் தெரியும். களை வேலை முடிந்து டிரெய்லர் ஓட்டும் பருவம் வந்ததும் பழைய அகலத்துக்கே மாற்றிவிடுவது நல்லது. அரை நாள் வேலைதானே என்று நினைத்தாலும் பலர் செய்வதில்லை. செய்யாதவர்கள் சரிவில் குறுக்காக ஓட்டாமல், மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காமல் இருந்தாக வேண்டும்.

லேத்தில் கடைந்த தகட்டை டிராக்டரில் எந்த அகலத்துக்கும் வைக்கக்கூடாது. சேற்றில் சிக்கிய டிராக்டர் முதல் கியரில் திணறும்போது சக்கர போல்ட்டில் வரும் முறுக்கு சாதாரணமானது அல்ல. நடுவே ஒரு தகடு வந்தால் போல்ட் நீளமாகி வளைகிறது. பேரிங்கும் வெளியே நீட்டிய பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மகனின் காருக்கும் இதே நியாயம்தான், வேகம் மட்டும் கூடுதல். வெறும் தகட்டை நடுவில் சொருகினால் நட்டு பிடிக்கும் மரை குறைந்துவிடும். போல்ட்டின் தடிமன் எவ்வளவோ அந்த அளவுக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில் 1.5 மி.மீ. புரி என்றால் முழுதாக 8 சுற்று. தகட்டின் நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் சக்கரம் நடுங்கும், நட்டு தளரும். சக்கரம் வெளியே வந்ததால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். நிறைய ஆள் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, விதிகள் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இந்தத் தகட்டைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம்.

தோற்றத்துக்காகத்தான் மாட்டியிருக்கிறார் என்றால், குடும்பத்தோடு அடுத்த பயணம் கிளம்பும் முன் தகடுகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போதே நட்டு எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், இதுவரை எதை நம்பி ஓட்டினார் என்பது அவருக்கே தெரிந்துவிடும். எட்டுச் சுற்றுக்குக் குறைவாக வந்த போல்ட்டுகளையும் நட்டுகளையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.