சராசரிக்குள் காணாமல் போகும் சேரி

எங்கள் படிப்பு வட்டத்துக்குக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இந்திய வரைபடம் ஒன்றை எடுத்து வந்தார். வாய், தொண்டைப் புற்றுநோய் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நிறம் பூசிய வரைபடம். குஜராத் பக்கம் சிவப்பு. வடகிழக்கு அதைவிட அடர்ந்த சிவப்பு. தமிழ்நாடு வெளிறிக் கிடந்தது. "நம்ம பக்கம் பரவாயில்லண்ணே" என்றார்.

அதே வாரம் நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். மூன்று மாதமாகக் காரம் சேரவில்லை. ரசத்தில்கூடத் தண்ணீர் ஊற்றித்தான் சாப்பிடுகிறார். வாயைத் திறக்கச் சொன்னோம். நம்முடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கினால் நம் வாய்க்குள் போகும். அவருக்கு இரண்டு விரல் நுழையவே சிரமப்பட்டது. இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு. "போயலச் சூடு தம்பி, தானா ஆறிரும்" என்றார்.

வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா அதில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

முதலில் வரைபடம் சொல்லும் உண்மையை ஒப்புக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, ஓராண்டில் உலகம் முழுவதும் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 3,90,000 பேர். அதில் 1,43,000க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். இந்தியாவுக்குள்ளும் இடத்துக்கு இடம் நோய் மாறுகிறது. அகமதாபாத்தில் குட்கா, மாவா மெல்லும் இளைஞர்களின் கன்னத்தைத் தாக்குகிறது. மேகாலயாவின் காசி மலைகளில் பச்சைப் பாக்கு மெல்லும் மக்களின் உணவுக்குழாயையும் தொண்டையையும் தாக்குகிறது. ஆந்திரக் கடலோரத்தில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துப் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அங்கே மேலண்ணத்தில் புற்று வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று தொண்டைப் புற்றுநோயில் பெரும்பங்குக்கு எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். நம்மிடம் காரணம் பெரும்பாலும் புகையிலை, பாக்கு, சாராயம். பாக்கை வெறுமனே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்துவிட்டது.

ஆக, எதை மெல்கிறோம், எங்கே அதக்குகிறோம் என்பதைப் பொறுத்து நோய் வரும் இடம் மாறுகிறது. இதைப் 'பிராந்திய வேறுபாடு' என்று எழுதி, 'உள்ளூர்ப் பழக்கவழக்கம்' என்று காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாம் அங்கே நிறுத்த முடியாது.

காரணம், நம் ஆட்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோனபோது இந்த நோயும் கூடவே போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இன்று இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அந்த நாட்டில் வெற்றிலை, புகையிலை மெல்லுவது மிக அதிகமாக இருப்பது தோட்டப் பகுதிகளில். மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். வாய்ப் புற்றுநோயாளிகளில் அவர்களின் பங்கு அதைவிடப் பல மடங்கு. நாடு வேறு, தண்ணீர் வேறு, சாப்பாடு வேறு. மாறாமல் இருந்தது என்ன? லயத்து வீடும், விடியலில் தொடங்கி இருட்டும்வரை நீளும் கூலி வேலையும், அதைத் தாங்க வாய்க்குள் வைத்த அந்தச் சுருளும். இந்த நோய் ஊரைப் பார்த்து வந்ததைவிட வேலையைப் பார்த்துத்தான் அதிகம் வந்திருக்கிறது.

இப்போது நார்த்தாமலைக்குத் திரும்புவோம். திருச்சி – புதுக்கோட்டை சாலையில் போகிறவர்கள் மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரத்தைப் பார்த்து, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வேலை என்று வியந்து படம் எடுத்துப் போகிறார்கள். வியக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்தில் இன்றும் கல் வேலை நடக்கிறது. குவாரியிலும் கிரஷரிலும் சம்மட்டி பிடிப்பவர்கள், ஜல்லி அள்ளுபவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த அம்மாவிடம் நாங்கள் கேட்டோம், ஏன் புகையிலை போடுகிறீர்கள் என்று. "போயல போட்டாத்தான் பசி தெரியாது. வாயி வறண்டு தூசி அடைக்காது. பல்லு வலி தெரியாது. பீடி குடிச்சா பொம்பளைன்னு ஏசுவாங்க. இதுன்னா ரெண்டு கையும் வேலைல இருக்கும், வாயி அது பாட்டுக்கு மெல்லும்." ஐந்து வாக்கியத்தில் ஒரு பொருளாதார ஆய்வையே சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் தராத வேலை, குடிக்கத் தண்ணீர் வைக்காத குவாரி, பல் பிடுங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும் வாழ்க்கை. இத்தனைக்கும் சேர்த்துச் சந்தையில் கிடைக்கும் மலிவான மருந்து ஒரு துண்டுப் புகையிலை. முதலாளி செய்ய வேண்டிய செலவை அவர் தன் கன்னத்தில் வைத்து ஈடுகட்டுகிறார்.

இதே வெற்றிலை பாக்கு ஊருக்குள் வேறு வேலை செய்கிறது. தாம்பூலம் மரியாதை. திருவிழாவில் யாருக்கு முதல் தாம்பூலம் என்பதற்காக இந்த மாநிலத்தில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அந்தத் தட்டு நம் தெருவுக்கு வந்ததில்லை. நம் பாட்டிமாருக்கு வந்தது நடவு வயலின் வரப்பில், கூலியோடு சேர்த்து, வேலை ஓடுவதற்காக. அவர்களுக்கு மரியாதையாகப் போனது நமக்குத் தீனியாக வந்தது. 'வெற்றிலை தமிழர் மரபு' என்று பேசுகிறவர்கள் எந்த வெற்றிலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, கணக்கைப் பார்ப்போம். சென்னையின் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நடக்கிறது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்குமான பதிவுத் திட்டமும் உண்டு. அருமையான உழைப்பு, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மாவட்டம், எந்த உறுப்பு என்றெல்லாம் அந்த அறிக்கைகளில் பார்க்கலாம். எந்தச் சாதி, என்ன வேலை என்று விகிதம் பிரித்த அட்டவணையை மட்டும் பார்க்க முடியாது. மாவட்டம் என்ற ஒரே பாத்திரத்தில் அக்ரகாரத்தையும் ஊரையும் சேரியையும் கொட்டிக் கலக்கி ஓர் எண் எடுக்கிறார்கள். அந்த எண் சராசரியாக இருப்பதாலேயே 'நம்ம பக்கம் பரவாயில்ல' ஆகிவிடுகிறது.

சராசரி என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். அன்றைக்கு அந்த ஊராட்சியின் எல்லாத் தொட்டிகளையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால், குடிநீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்திருக்கும். கெட்டது ஒரு தொட்டி. அது யாருடைய தொட்டி என்று கேட்டால்தான் குற்றம் கண்ணுக்குத் தெரியும்.

"நோய்க்குமா சாதி பார்ப்பீர்கள்?" என்று கேட்பார்கள். நோய் பார்ப்பதில்லை. ஆனால் குவாரிக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்க்கப்படுகிறது. பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் புகையிலைப் பயன்பாடு மற்றவர்களைவிட அதிகம் என்று அரசின் தேசிய குடும்பநல ஆய்வே காட்டுகிறது. பழக்கத்தைச் சாதிவாரியாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, அந்தப் பழக்கம் கொண்டுவரும் சாவைச் சாதிவாரியாக எண்ணத் தெரியாதா? மக்கள்தொகைக் கணக்கு இல்லாமல் விகிதம் எப்படிப் போடுவது என்றும் சொல்ல முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கிராமவாரியாக எண்ணப்படுகிறது. வகுக்க வேண்டிய எண் கையில் இருக்கிறது. நோயாளியின் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும்: என்ன சமூகம், என்ன வேலை.

"கெட்ட பழக்கத்தை விடச் சொல்லுங்கள், எதற்கு அரசியல்?" என்பது இன்னொரு வாதம். விடச் சொல்கிறோம், இன்றே சொல்கிறோம். 2013இலிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தடை இருக்கிறது. தடை இருந்தும் ஹான்ஸ் பொட்டலமும் கூல் லிப்பும் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டன. பிடிபடுவது பெரும்பாலும் பெட்டிக்கடைக்காரர். லாரியில் கொண்டுவந்து இறக்குகிறவர் அவ்வளவு லேசில் பிடிபடுவதில்லை. பொட்டலத்தில் எச்சரிக்கைப் படம் போடச் சட்டம் உண்டு. வெட்டி உதிரியாக விற்கும் கட்டுப் போயலையில் படம் எங்கே ஒட்டுவது? நம் அம்மாக்கள் வாங்குவது அந்த உதிரியைத்தான்.

நம்மைப் பற்றியும் பேசிவிடுவோம் தோழர்களே. நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களில் எத்தனை பேர் உதட்டுக்கு அடியில் பொட்டலம் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் மூத்த தோழர் புகையிலை அதக்கிக்கொண்டே அடுத்த பேச்சுக்குத் தயாராவதையும் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசினால் 'சேரிப் பழக்கம்' என்று ஊரான் ஏசுவதற்கு நாமே இடம் கொடுத்துவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுத்த விலை நம் ஆட்களின் உயிர். 

இதில் ஆத்திரமூட்டும் விஷயம், இது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய நோய் என்பதுதான். நுரையீரல்போல உள்ளே ஒளிந்திருப்பதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்து 1996இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதிப் பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய எந்திரம் எதுவும் இல்லை. பக்கத்து மாநிலத்தில் நடந்த இது நமக்குத் தெரிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், ஒருமுறையாவது வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட இந்தியர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்தான். தமிழ்நாடு அரசு 2023இல் வீடு தேடிப் புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியபோது எடுத்தவை ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்கு மாவட்டங்கள். புதுக்கோட்டை காத்திருக்க வேண்டியிருந்தது.

பரிசோதனை வந்தாலும் எந்த நேரத்தில் வருகிறது? முகாம் காலை பத்து மணிக்குத் தொடங்கினால் குவாரிக்குப் போனவர் எப்படி வருவார்? முதல்வர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்குப் போய்வரும் பஸ் காசையும், இழந்த கூலியையும், கூடப் போகும் மகளின் கூலியையும் யார் ஏற்பது? பாதியில் சிகிச்சையை விட்டவரை 'அறியாமை' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

நம் வாய்க்கும் சாதிக்கும் பழைய பகை. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், எச்சில் தரையில் விழுந்து தீட்டாகிவிடக் கூடாதென்று தீண்டப்படாதவர் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் பதிவு செய்தார். அந்த வாய்க்குள் இன்றைக்கு ஒருவர் உறைபோட்ட விரலை விட்டு, கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கிப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம்.

எனவே நம் கோரிக்கைகள்: புற்றுநோய்ப் பதிவேட்டில் சமூகமும் தொழிலும் பதிவாகி, பெயர் அடையாளம் நீக்கிய விகிதங்கள் வெளியாக வேண்டும். பரிசோதனை முகாம்கள் சேரியிலும் குவாரி வாசலிலும் மாலையிலோ விடுமுறை நாளிலோ நடக்க வேண்டும். குவாரி, கிரஷர் உரிமத்தில் குடிநீர், உணவு இடைவேளை, ஆண்டுக்கொரு வாய் மற்றும் நுரையீரல் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கூலி ஈடு வேண்டும். புதுக்கோட்டையில் 2023இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் நம் தெருக்களுக்கு வர வேண்டும்.

அரசு வரும்வரை உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தை எழுப்பியபோது கல்லுடைத்த பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள், குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையும் எடுத்தார்கள். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் நீங்கள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு டார்ச்சோடு உங்கள் தெருவில் தொடங்குங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, சுருங்கிய வாய், விழுங்கும்போது வலி, மாறிப்போன குரல், கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். என்ன நோய் என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம், கூடப் போனால் போதும். போவதற்கு முன் உங்கள் உதட்டுக்கு அடியில் இருப்பதைத் துப்பிவிட்டுப் போங்கள்.

அந்த அம்மாவை அழைத்துப் போனோம். இரண்டு நாள் கூலி போனது. கன்னத்திலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வரைபடம் கொண்டுவந்த தம்பிதான் முடிவை வாங்கப் போகிறார்.

ஜெய் பீம்.