காரியாலயமும் கட்டியங்காரனும்

சிரிப்பை அற்ப விஷயமென்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அவ்வெண்ணம் தவறு. அரசனை அவன் சபையிலேயே பரிகசிக்கும் உரிமையைத் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு நம் முன்னோர் அளித்தனர். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாக் காலத்தில் பாரதக்கூத்து நடைபெறும் இரவுகளில் இன்றும் அவ்வுரிமை செல்லுபடியாகி வருகிறது.

அதே ஜில்லாவில், பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில், 1970-ஆம் ஆண்டுகள் முதல் வேறொரு கொலு மண்டபம் எழுந்திருக்கிறது. லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் அங்கே உற்பத்தியாகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் ஜனங்கள் ஒரே சங்கொலிக்கு வேலைக்குச் செல்கின்றனர். மானேஜர், சூபர்வைசர், காண்டிராக்டர், தொழிலாளி என்று படிகள் பல. இக்கொலுவுக்குக் கட்டியங்காரன் எங்கே என்பதே நமது கேள்வி.

அமெரிக்கர் இதற்கு விடை கண்டிருக்கின்றனர். முயற்சியின்றி வியாபாரத்தில் முன்னேறும் வழியைப் பற்றிய சங்கீத ஹாஸ்ய நாடகமொன்று 1961-இல் நியூயார்க்கில் அரங்கேறிற்று. பிராங்க் லெஸ்ஸர் இசையமைத்தார். 1962-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஜன்னல் துடைக்கும் வாலிபன் ஒருவன், ஒரு புஸ்தகத்தைப் படித்துக்கொண்டே கம்பெனித் தலைவர் பதவி வரை ஏறிவிடுகிறான். சனிக்கிழமை காலையில் காலிக் காப்பிக் கோப்பைகளைச் சுற்றிலும் பரப்பிவிட்டு, இரவெல்லாம் உழைத்தவன்போல் மேஜையில் சாய்ந்து கிடக்கிறான். முதலாளிக்குப் பின்னல் வேலையில் மோகமென்று அறிந்து தானும் பின்னுகிறான்! இவனைக் காணாத காரியாலயம் நம் நாட்டில் உண்டோ?

எனினும், ஓசூர் அன்பர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், 1954-இல் அரங்கேறிய 'பைஜாமா கேம்' என்னும் நாடகத்தையே நாம் சிபார்சு செய்வோம். முந்திய நாடகத்தில் பெண்கள் பெரும்பாலும் டைப் அடித்துக்கொண்டு விவாகத்துக்குக் காத்திருப்பவர்களாகவே வருகின்றனர். பிந்தியதிலோ, தொழிலாளரின் குறைதீர்ப்புக் கமிட்டிக்கு ஒரு பெண்ணே தலைமை வகிக்கிறாள். மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்கின்றனர். முதலாளி மறுக்கிறார். முடிவில் ரகசியக் கணக்குப் புஸ்தகம் திறக்கப்படுகிறது. அந்த ஏழரை சென்ட்டைச் செலவில் முன்னமே சேர்த்து எழுதிவிட்டு, கூலியாகக் கொடாமல் அவர் வைத்துக்கொண்டிருந்தது வெளியாகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆலைகளுக்குச் செல்லும் ஓசூரில் இக்கதைக்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை.

இது அந்நியச் சரக்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1891-இல் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழருக்கு அளிக்கவில்லையா? காரியாலயக் குமாஸ்தாக்களுக்கு நாடகம் வருமா என்று வேறு சிலர் ஐயுறலாம். கே. பாலசந்தர் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களை எழுதி நடத்தினார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். நம் மேடையின் ஹாஸ்யத்தில் ஒரு பகுதி பைல் கட்டுகளுக்கிடையே பிறந்ததேயாகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிர்வாகத்தின் பணத்தில் நடைபெறும் நாடகத்தில் நிர்வாகத்தைப் பற்றிய பரிகாசம்தான் முதலில் வெட்டப்படும். ஆகவே, தொழிலாளர் சங்கங்களும் சபாக்களும் சிறு கட்டணம் வசூலித்துத் தாமே நடத்துதல் வேண்டும். நகர மாநகராட்சி குறைந்த வாடகைக்கு மேடை தரவேண்டும். ஷிப்டு முறையில் உழைப்போர் யாவரும் காண, ஒரே நாடகத்தை வெவ்வேறு வேளைகளில் நடத்தவேண்டும். பாத்திரங்கள் எல்லைப்புறத்து ஜனங்கள் பேசுகிறபடியே பேசட்டும். கன்னடமும் தெலுங்கும் கலந்தால் தமிழ் குறைந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுக் கிராமங்களின் கூத்துக் கலைஞர்களைத் தக்க ஊதியம் தந்து அழைக்கவேண்டும். கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து காட்டும் வேலையைக் கட்டியங்காரனைவிடச் செவ்வையாகச் செய்யவல்லவர் யார்?

பரிகாசத்தைப் பொறுக்கும் முதலாளிக்கு அதனால் நஷ்டமில்லை. தொழிலாளி வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் குறைகளை அவர் மேடையிலேனும் கேட்டறியலாம். ஓசூர் வாசிகள் இதை யோசிப்பார்களாக.