பார்க், கழிப்பறை, குடிதண்ணி: இதுவும் மருந்துதான்

1/ வடசென்னைன்னா சினிமாவுல ரவுடி, செய்தியில குப்பை. அந்தப் பக்க மக்களுக்கு தினமும் ஓ.பி. பார்க்கிற அரசு டாக்டரா ராயபுரம் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ மீனவர்கள், துறைமுகத்துல லோடு ஏத்துறவங்க, தெலுங்கு பேசுறவங்க, முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து வாழுற இடம். 1910-ல் கட்டிய பார்சி அக்னி கோயிலும் இங்கதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பினது ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து. 1949-ல் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்க இருக்கிற ராபின்சன் பூங்காவுல.

3/ பக்கத்துல இருக்கிற ஸ்டான்லி மருத்துவமனையை பெரியவங்க இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்துல பசியோட வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்திய மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. முதல்ல கஞ்சி, அப்புறம் மருந்து. ரொம்ப சரியான வரிசை. இன்னைக்கு நாம மருந்தை மட்டும் கொடுத்துட்டு மத்ததை மறந்துடுறோம்.

4/ மீன் விக்கிற அக்காக்களுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். "தண்ணி நிறைய குடிங்க"ன்னு சொன்னா, "குடிச்சா போறதுக்கு எடம் எங்க டாக்டரம்மா?"ன்னு கேப்பாங்க. விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தா மதியம் வரைக்கும் அடக்கிக்கிட்டுதான் வியாபாரம். ஆன்டிபயாடிக் எழுதுவோம், சரியாகும், கொஞ்ச நாள்ல திரும்ப வருவாங்க. இப்படி மாத்திரையா முழுங்கினா ஒரு கட்டத்துல கிருமி அந்த மருந்துக்கே பழகிடும். தாழ்ப்பாளும் தண்ணியும் லைட்டும் இருக்கிற ஒரு பொதுக் கழிப்பறை என் ஆன்டிபயாடிக்கை விட நல்லா வேலை செய்யும்.

5/ சுகர், பி.பி. இருக்கிறவங்களுக்கு வாரம் 150 நிமிஷ நடை சொல்றோம். எங்க நடக்குறது? சந்துல பாதி பைக், மீதி தண்ணிக் குடம். பார்க் இருக்கு. ஆனா அது திறந்திருக்கிற நேரத்துல இவங்க தண்ணி பிடிக்கணும், சமைக்கணும், வேலைக்கு ஓடணும். வேலை முடிஞ்சு வரும்போது கேட் பூட்டியிருக்கும். பார்க் கேட்டுல எழுதியிருக்கிற நேரமும் ஒரு மருத்துவப் பிரச்சனைதான்.

6/ டி.பி. காத்து வழியா பரவுற நோய். மாத்திரையை இலவசமா கொடுக்க முடியும். ஜன்னல் இல்லாத ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுத்தா, ஒருத்தர் இருமல் மத்த நாலு பேருக்கும் போகும். ஜன்னலை நான் சீட்டுல எழுதிக் கொடுக்க முடியாது.

7/ நல்லதையும் சொல்லணும். சில சுகர் மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்துல லோடு தூக்கினா மயங்கி விழுவாங்க. 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோட வந்த அம்மா உணவகம் அதைத் தடுக்குற இடம். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. எந்தக் கட்சி கொண்டு வந்ததுன்னு நோயாளியோட சுகர் பார்க்கிறதில்லை. ரெண்டும் நல்லா நடக்கணும்.

8/ "இலவசம் கொடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க", "அவங்களுக்கு சுத்தம் தெரியாது"ன்னு கமெண்ட் வரும். நீங்க தூங்கும்போது மீன் கூடை தூக்குறவங்க சோம்பேறி இல்ல. தண்ணியே வராத கழிப்பறையை யாராலயும் சுத்தமா வெச்சுக்க முடியாது.

9/ அடுத்த தடவை கவுன்சிலரைப் பார்த்தா நாலு கேள்வி கேளுங்க. கழிப்பறைக்கு ராத்திரியும் லைட், தண்ணி உண்டா? பார்க் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்குமா? குடிதண்ணி எத்தனை மணிக்கு வரும்னு முன்கூட்டியே சொல்வீங்களா? புது குடியிருப்பு கட்டும்போது ஒவ்வொரு ரூமுக்கும் ஜன்னல் உண்டா?

10/ ஆஸ்பத்திரியில பெட் அதிகமாக்கச் சொல்லி எல்லாரும் கேக்குறோம், கேக்கணும். அந்த பெட்டுக்கு வர்றவங்களைக் குறைக்கிற வேலை தெருவுலதான் நடக்கணும். உங்க ஏரியா குரூப்ல இதைப் பகிருங்க.