இரண்டு வருடத்துக்குள் யாராவது உங்கள் பெயரைச் சொன்னார்களா?

எங்கள் ஊர் திருவந்திபுரம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாத சாமி கோயில், பக்கத்து மலையில் ஹயக்ரீவர். குதிரை முகம் கொண்ட இந்தச் சாமிதான் படிப்புக்குப் பொறுப்பு என்பார்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மலையேறுவார்கள். நான் ஏறியதில்லை. படிப்பை யாருடைய காலடியில் வைத்து வாங்க வேண்டும் என்ற கேள்வி, காலனியில் பிறந்த எனக்குச் சின்ன வயதிலேயே கசந்துவிட்டது. ஆனாலும் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியும் முதல் முனைவரும் நான்தான்.

பட்டம் வாங்கிய பிறகு ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். ஒடுக்கப்பட்டோர் நடத்திய தமிழ் இதழ்கள் பற்றியது என் ஆய்வு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்', அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' போன்றவை. அதையொட்டித் தமிழில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டிருந்தேன். குழுவில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, எல்லாம் தமிழ்லயே எழுதி வச்சிருக்க? ஸ்கோபஸ்ல ஒண்ணுகூட இல்லையா? இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. வெளியீடுகளுக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டார். ஐந்து கட்டுரைகளில் ஒன்றின் முதல் பக்கத்தைக்கூட அந்த அறையில் யாரும் படிக்கவில்லை.

வேலை கிடைக்காததை எழுதி ஆறுதல் தேடுவது என் நோக்கமில்லை. நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் இந்தப் பூஜ்யத்தை நம்பித் தங்களைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கணக்கு எளிமையானது. ஓர் ஆய்விதழ் 2022-இல் 50, 2023-இல் 50 கட்டுரைகள் வெளியிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த 100 கட்டுரைகளை 2024-இல் மற்ற கட்டுரைகள் 200 முறை மேற்கோள் காட்டினால், 200-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும். அந்த இதழின் தாக்கக் காரணி, அதாவது இம்பாக்ட் ஃபேக்டர், 2. அந்த 200 மேற்கோளில் 150 ஒரே கட்டுரைக்கு வந்திருக்கலாம். மீதி 99 கட்டுரைகள் 50-ஐப் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் 99 பேரும் 'இம்பாக்ட் ஃபேக்டர் 2' உள்ள இதழில் எழுதியவர்கள் என்றே சொல்லிக்கொள்ள முடியும். நூறு காணி வைத்திருக்கும் பண்ணையாரையும் அவர் நிலத்தில் கூலிக்கு நடும் பெண்களையும் சேர்த்துக் கூட்டி வகுத்து, ஊரில் எல்லோருக்கும் நிலம் இருக்கிறது என்று சொல்வதைப் போன்ற கணக்கு இது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அந்த அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய உதவிய கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். பிறகு எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க நூலகர்களுக்கும் அது பயன்பட்டது. தனிமனிதரை இதை வைத்து எடை போடுவது ஆபத்து என்று கார்ஃபீல்டே எச்சரித்திருக்கிறார். இன்று அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் என்ற தனியார் நிறுவனம். ஸ்கோபஸ் எல்சவியர் என்ற பதிப்பக நிறுவனத்தின் சொத்து. எது அறிவு என்ற பட்டியல் இரண்டு கம்பெனிகளின் கையில் இருக்கிறது.

நூலகருக்கான அந்த எண் நம் ஊரில் சம்பளமாக மாறியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையைப் பாருங்கள். ஆய்வு மதிப்பெண்ணில், இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழில் கட்டுரை வந்தால் கூடுதலாக 5 புள்ளி. 1-க்குக் கீழ் இருந்தால் 10. 1 முதல் 2 வரை 15. 2 முதல் 5 வரை 20. 5 முதல் 10 வரை 25. 10-க்கு மேல் 30. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு இந்த அட்டவணையில் இடமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கலை, மானுடவியல் துறைகளுக்கான பட்டியலில் இருந்த இதழ்களுக்கு 2023 வரை இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கிடப்படவே இல்லை. தமிழும் வரலாறும் படித்தவர்கள், தங்கள் துறையில் ஏறக்குறைய இல்லாத ஓர் எண்ணுக்காகப் போட்டியிட வேண்டியிருந்தது.

கல்லூரிகளுக்கும் இதே நிலைதான். ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுக்கு மட்டும் 100-க்கு 30. அந்தத் தரவு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியல்களிலிருந்து எடுக்கப்படுகிறது. பெண்கள், பின்தங்கிய மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் என எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கு மொத்தமே 10. எந்தப் பக்கம் ஓடினால் தரவரிசை ஏறும் என்று நிர்வாகங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓடினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழ், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளத்துடன் சேர்ந்து சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி ஒரு புலனாய்வை வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் தேர்வில் எழுதும் கட்டுரைகள் ஆய்விதழ்களுக்குப் போவதாகவும், அவற்றில் அதே நிறுவனத்தின் கட்டுரைகள் பெருமளவில் மேற்கோள் காட்டப்படுவதாகவும் அது கூறியது. கல்லூரி அதை முறைகேடு என்று ஏற்கவில்லை. 2022-இலும் 2023-இலும் பல் மருத்துவத்துக்கான என்ஐஆர்எஃப் பட்டியலில் முதலிடம் அந்தக் கல்லூரிக்குத்தான். ஒரு கல்லூரியைத் திட்டிவிட்டுக் கடந்துபோவது எளிது. மேற்கோளுக்குப் பரிசு என்று அறிவித்த அமைப்பு, மேற்கோளை உற்பத்தி செய்ய எல்லோரையும் அழைக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

அந்த அழைப்பு என் கைப்பேசிக்கும் வந்திருக்கிறது. 'பணம் கட்டினால் ஐந்தே நாளில் வெளியீடு' என்ற குறுஞ்செய்தியைப் பார்க்காத ஆய்வு மாணவர் உண்டா? மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. நகை விற்றுக் கட்டுரை போட்டவர்களின் பணத்துக்கு யார் பதில் சொல்வது?

இப்போது சாதிக்கு வருகிறேன். மேற்கோள் என்பது என்ன? அறிவுப் பந்தியில் யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதுதான். ஒரே கருத்தரங்கில் சந்தித்தவர்கள், ஒரே நெறியாளரிடம் படித்தவர்கள், ஒரே ஆங்கிலம் பேசுபவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். வெளியே நிற்பவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அவர் தரமில்லாதவர் ஆகிவிடுகிறார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசும் இடம் ஒரு சாராருக்கும், தரவு சுமக்கும் வேலை இன்னொரு சாராருக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதை கோபால் குரு 2002-இல் இபிடபிள்யூ இதழில் எழுதினார். இம்பாக்ட் ஃபேக்டர் அந்த ஒதுக்கீட்டை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருப்பதைத் தசம புள்ளியோடு அச்சடித்துக் கொடுக்கிறது.

அயோத்திதாசரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907 முதல் 1914-இல் இறக்கும் வரை வாரந்தோறும் எழுதினார். பௌத்தம், சாதியின் தோற்றம், தமிழ் இலக்கியம் என்று அவர் தொடாத பொருள் குறைவு. கோலார் தங்கவயலின் உழைக்கும் மக்கள் அவரைப் படித்தார்கள், அவர் எழுத்தைச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். பல்கலைக்கழகம் அவர் பெயரை அதிகம் சொல்லவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து 1999-இல் வந்த பிறகுதான் ஆய்வுலகம் பெரிய அளவில் திரும்பிப் பார்த்தது. இடையில் 85 வருடம். இம்பாக்ட் ஃபேக்டர் காத்திருப்பதோ இரண்டு வருடம்.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' எந்த ஆய்விதழிலும் வரவில்லை. லாகூரில் பேச அழைத்தவர்கள் மாநாட்டையே ரத்து செய்ததால், 1936-இல் தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தன. பெரியாரின் 'குடிஅரசு' அதைத் தமிழில் கொண்டுவந்தது. என்னை நேர்காணல் செய்த குழுவின் முன்னால் அந்த நூலை வைத்திருந்தால் அதற்கும் பூஜ்யம்தான்.

இதையெல்லாம் சிதம்பரத்தில் ஆய்வு செய்யும் ஒரு தங்கையிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அக்கா, நம்பர் இருக்கறதாலதான் நமக்கு இன்டர்வியூ கார்டாவது வருது. நம்பர எடுத்துட்டா உள்ள உக்காந்திருக்கவங்க அவங்க ஆளத்தானே எடுப்பாங்க?" என்றாள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிக்கும் நேர்காணல் அறைகளை அவளைப் போல நானும் பார்த்திருக்கிறேன். எழுதி வைத்த மதிப்பெண், வாய்வார்த்தையைவிட நமக்குப் பாதுகாப்பு என்பது பல இடங்களில் உண்மை.

ஆனால் இந்த எண் யார் கையால் ஆகிறது? பெரிய இதழ்கள் பலவற்றில் திறந்த அணுக்கத்தில் வெளியிட ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும். மேற்கோள் காட்ட நண்பர்கள் வேண்டும். நேர்காணல் அறையில் இருக்கும் அதே வட்டம்தான் அந்த எண்ணிலும் இருக்கிறது. நுழைவுத் தேர்வைத் 'தகுதி' என்று சொன்னவர்களிடம் நாம் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

அதற்காகக் குழுவின் விருப்பத்துக்கு விட்டுவிடச் சொல்லவில்லை. விண்ணப்பதாரர் தன் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தரட்டும். எந்த மொழியில் இருந்தாலும், அந்த மொழி தெரிந்த வெளி வல்லுநர்கள் படித்துக் காரணத்தோடு மதிப்பெண் எழுதட்டும். அதைப் பொதுவில் வெளியிடட்டும். இதழின் எண்ணை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான 'டோரா' பிரகடனமும் சொல்கிறது. தேர்வுக் குழுவில் ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதியிலேயே உள்ளது. அவர் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிறாரா என்று கேட்போம். இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலை ஒவ்வொரு கல்லூரியும் இணையத்தில் போடட்டும்.

கடைசியாக என்னைப் பற்றியே ஒரு குற்றச்சாட்டு. அந்த நேர்காணலுக்குப் பிறகு என் ஆய்வேட்டின் நூற்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அயோத்திதாசரை 'முதன்மைத் தரவுகள்' என்ற தலைப்பில் வைத்திருந்தேன். கோட்பாட்டு இயலில் பாரிஸிலும் கல்கத்தாவிலும் பிறந்தவர்களின் பெயர்கள். சாதி எப்படி உருவானது என்று தானே ஒரு விளக்கம் சொன்ன மனிதரை, மற்றவர்களின் விளக்கத்துக்கான சாட்சியாக நிறுத்தியிருந்தேன். எந்தப் பட்டியலும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானேதான் செய்தேன்.

அந்த ஆய்வேட்டை இப்போது நூலாக்கிக்கொண்டிருக்கிறேன். கோட்பாட்டு இயலை முழுதாகத் திருத்தி எழுதுகிறேன். சிதம்பரத்துத் தங்கையின் கட்டுரை போன மாதம் ஒரு சிற்றிதழில் வந்தது. அதற்கு இம்பாக்ட் ஃபேக்டர் கிடையாது. என் மூன்றாம் இயலில் ஒரு வாதம் அவளுடையது. அவள் பெயரோடு அடிக்குறிப்பு எழுதிவிட்டேன். நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் நூற்பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், தோழர்களே.